நான்கில் ஒன்று துபாயில்

இன்னும் எத்தனை கஷாயம் குடித்தால் வயிற்றில் பிள்ளை தங்குமோ என்ற கவலையோடுதான் சமீனா, மாமியார் அலிமாவுடன் குற்றாலத்து ஆயுர்வேத வைத்தியர் முத்துசெல்வியிடம் வந்தாள்.

நாடி பிடித்துப் பார்த்த முத்துசெல்வி, “கரு தங்க நாலு வேணும்மா. பருவம், நிலம், தண்ணி, விதை. ஒண்ணு இல்லன்னாலும் முளைக்காது. இவ உடம்புல குறையே இல்ல. மாப்பிள்ள எங்கன இருக்காரு?” என்றார்.

“எம்மவன் மசூதா? துபாய்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க வருவான். வந்தாலும் விருந்து விருந்துன்னு வீடு தங்க மாட்டான்,” என்றாள் அலிமா.

முத்துசெல்வி மருந்துச் சீட்டை ஓரமாக வைத்தார். சமீனா துப்பட்டாவுக்குள் சிரித்தாள்.

அலிமா யோசித்தாள். “அப்போ கஷாயத்த அவனுக்கு அனுப்பிரலாமா?”

“அவர இங்க வரச் சொல்லுங்க.”

அலிமா அங்கேயே மகனுக்குப் போன் போட்டாள். “ஏலே மசூது, உன்னத்தான் மருந்துன்னு சொல்லுதாங்க. லீவு போட்டுட்டு வா.”