வெறுங்கை வேலை

எங்கள் சலவைக்கூடத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணி வரும், மற்றதில் வெளுத்த துணி போகும். அழுக்கு வாசலை ஒட்டிய மேசை என்னுடையது. வார்டிலிருந்தும் ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் வருகிற ஒவ்வொரு விரிப்பும் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். மடிப்புக்குள் கத்தரிக்கோல் இருக்கும், ஸ்பூன் இருக்கும். ஒருமுறை யாருடையதோ முழுப் பல்செட் இருந்தது. எல்லாவற்றையும் தடவிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். தப்பித்தவறி ஒரு கத்தரிக்கோல் உள்ளே போய் மெஷின் பழுதானால் அந்தச் செலவு எங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

கையுறை உண்டு. முழங்கை வரை வருகிற தடித்த கையுறை, சுவரில் ஆணியில் தொங்கும். மேலிடத்திலிருந்து யாராவது பார்வையிட வந்தால் மாட்டிக்கொள்வோம். மற்ற நேரமெல்லாம் வெறுங்கைதான். கையுறையோடு தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. ஒவ்வொரு துணியாக விரித்து உதறிப் பார்க்க வேண்டும், வேலை நகராது. "அதக் கழட்டிப் போடும்மா, துணி மலையா குவியுது பாரு" என்று எனக்குப் பழக்கியதே எங்கள் மேற்பார்வையாளர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பல்லழகர். அடுத்தவர் வயிற்றில் அடிக்கும்போதுகூடப் பல் தெரியச் சிரிப்பார்.

அன்று காலை ஒரு விரிப்பின் சுருட்டலுக்குள் ஊசி இருந்தது. மூடியில்லாத ஊசி, உள்ளே ரத்தம். என் நடுவிரலில் நன்றாக ஏறிவிட்டது.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேலே அவசரப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். அது யார் ரத்தம் என்று தெரியாது, அதனால் ஹெச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மாத்திரை எடுக்க வேண்டும், இருபத்தெட்டு நாள் விடாமல். "இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க. மூணு நாள் தாண்டிட்டா அப்புறம் சாப்பிட்டும் பிரயோஜனம் இல்ல. வீட்ல தொட்டுப் பேசுறது, சேர்ந்து சாப்பிடுறது, அதுல எல்லாம் ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

மருந்து கவுண்டரில் சீட்டை நீட்டினேன். விலையைச் சொன்னான். என் ஒன்றரை மாதச் சம்பளம்.

"நான் இங்கதான் வேல பாக்குறேன். இங்க குத்துன ஊசிதான்" என்றேன்.

கம்ப்யூட்டரில் தேடினான். "உங்க பேரு எங்க ஸ்டாஃப்ல இல்லையே. நீங்க கான்ட்ராக்ட். உங்க கம்பெனியக் கேளுங்க. அடுத்து யாரு?"

இந்த ஆஸ்பத்திரியின் அழுக்குக்கு நான் வேண்டும், மருந்துக்கு நான் யாரோ. வந்த கோபத்தில் கவுண்டர் கண்ணாடியை உடைத்திருப்பேன். அதற்கும் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள்.

பல்லழகரிடம் போனேன்.

"கையுறை போட்டிருந்தியாம்மா?"

"நீங்கதானே சார் கழட்டச் சொன்னீங்க?"

"நானா? சுவத்துல என்ன எழுதியிருக்கு? கையுறை கட்டாயம். போடாதது உன் தப்பு. உன் தப்புக்குக் கம்பெனி எப்படிம்மா காசு குடுக்கும்?" சிரித்தார். "போய் வேலையப் பாரு. ஒரு ஊசி குத்தினா யாரும் செத்துட மாட்டாங்க."

இலவசமாகக் கொடுக்கிற அரசு மையத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். தொடர் விடுமுறையாம், பூட்டிக் கிடந்தது. திறப்பதற்குள் டாக்டர் சொன்ன கெடு முடிந்துவிடும். என் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது. லாரியோடு வெளியூரில் இருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னதும் அவர் கேட்டார்.

"ஊசிதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்னன்னு நெனைக்கிற? வாயத் தொறந்து சொல்லு."

"சும்மா கேட்டேன். அதுக்கு ஏன் எரிஞ்சு விழற? என்கிட்ட இப்ப பணம் ஏது?"

போனை வைத்துவிட்டேன். வீட்டில் மகள் என் விரலைப் பிடித்து "வலிக்குதாம்மா?" என்று ஊதினாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது, இருந்தும் இழுத்துக்கொண்டேன். குழந்தையின் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது பல்லழகர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலை மேசைக்கு வந்ததும் ஆணியிலிருந்து கையுறையை எடுத்து முழங்கை வரை மாட்டிக்கொண்டேன். ஒரு விரிப்பை எடுத்து, முழுதாக விரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, உதறி, பிறகு அடுத்ததை எடுத்தேன். மெஷினில் துணி போடுகிற அக்கா சும்மா நின்றாள்.

"என்னடி ஆமை மாதிரி? ஒன் வீம்புக்கு எங்க பொழப்புல மண்ண அள்ளிப் போடாத."

அடுத்த விரிப்பை எடுத்து உதறினேன். துணி மேசையை மூடியது, பிறகு வாசலை அடைத்தது. தியேட்டரிலிருந்து போன்மேல் போன். பல்லழகர் ஓடி வந்தார்.

"கழட்டும்மா அத!"

"கையுறை கட்டாயம் சார். சுவத்துல எழுதியிருக்கு."

"நான் சொல்றேன், கழட்டு!"

"அப்ப அதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இப்பவே கழட்டுறேன்."

"வேற ஆளப் போட்டுடுவேன்."

"போடுங்க. வர்றவகிட்ட ஊசிக் கதைய நானே சொல்றேன்."

மதியத்துக்குள் தியேட்டர் பொறுப்பு சிஸ்டரே கீழே இறங்கி வந்துவிட்டாள். "அடுத்த ஆபரேஷனுக்கு ஒரு பச்சைத் துணி இல்ல. என்ன நடக்குது இங்க?" கையுறையைக் கழற்றி விரலைக் காட்டினேன், மருந்துச் சீட்டைக் காட்டினேன். அவள் முகத்தில் இரக்கம் ஒன்றும் இல்லை. பல்லழகரைப் பார்த்துக் கத்தினாள். "இவளுக்கு அந்த மாத்திரைய வாங்கிக் குடுத்துத் தொலைங்களேன்! இதுக்காக என் தியேட்டர் நிக்கணுமா?"

தொலைங்க என்றதற்கு நான் வருத்தப்படவில்லை. இரக்கப்பட்டவர்கள் யாரும் மாத்திரை கொடுக்கவில்லை.

அரை மணியில் மாத்திரைப் பாட்டில் வந்தது. எண்ணிப் பார்த்தேன், இருபத்தெட்டு நாளுக்கும் இருந்தது. பல்லழகரின் வாய் மூடியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குவியலைக் குறைக்க அக்காவை என் மேசையில் நிறுத்திவிட்டு அவர் போய்விட்டார்.

மாத்திரையை எடுத்துக்கொண்டு தண்ணீர் கேனுக்குப் போனேன். நாங்கள் எல்லோரும் குடிக்கிற டம்ளரைக் காணவில்லை. பக்கத்து ஜன்னலில் பாதியாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருந்தது.

"இனிமே அதுல குடி" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "தப்பா எடுத்துக்காத. வீட்ல புள்ளைங்க இருக்குல்ல."

எத்தனை வருஷம் ஒரே டம்ளரில் குடித்தோம். சண்டை போடத் தெம்பில்லை. அந்தப் பாட்டிலிலேயே தண்ணீர் பிடித்து மாத்திரையை விழுங்கினேன்.

திரும்பிப் பார்த்தேன். டம்ளருக்குப் பயந்தவள், தியேட்டரிலிருந்து வந்த ரத்த விரிப்புக்குள் மணிக்கட்டு வரை வெறுங்கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். ஆணியிலிருந்து இன்னொரு ஜோடி கையுறையை எடுத்து அவள் முன்னால் வீசினேன்.

"போட்டுக்கக்கா. இல்லன்னா நாளைக்கு உனக்கும் ஒரு பாட்டில் வெட்டணும்."