ஒரு சட்டைத் துணி

லாரி வந்து நின்றதும் முதலில் ஓடிவந்தது பயிற்சிக்குப் பேர் கொடுத்திருந்த பெண்களில் ஒருத்தியும் இல்லை. வேறொரு ஆள், ஐம்பதைத் தாண்டியவர். யாரும் கூப்பிடாமலே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்கதவின் கொக்கியை எடுத்தார். ஒவ்வொரு தையல் மிஷினையும் பிள்ளைத்தாய்ச்சியைக் கைத்தாங்கலாக அழைத்து வருவதுபோல இறக்கி வைத்தார். ஆபீஸிலிருந்து அனுப்பிய கூலியாள் என்றே டீச்சர் நினைத்துக்கொண்டாள். இருபது மிஷினும் கிடங்குக்குள் வரிசையாக நின்ற பிறகும் அவர் போகவில்லை. கடைசி மிஷினின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டார்.

“எண்ணெயே காட்டாம அனுப்பியிருக்காங்க டீச்சர். நாளைக்கு நான் கொண்டாந்து போட்டுடறேன்,” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், மிஷினிடம் கேட்பதுபோல, “நான் டெய்லருங்க. கடைவீதியில என் கடை. மிஷின் தண்ணியோட போயிடுச்சு. இதுல ஒண்ணு எனக்குக் கிடைக்குமா?” என்றார்.

“இது பொம்பளைங்களுக்கான திட்டம் மாஸ்டர். அதுவும் கைத்தொழில் எதுவும் தெரியாதவங்களுக்கு.”

“ஓ,” என்று சிரித்தார். “அப்ப தெரிஞ்சு வச்சிருந்ததுதான் தப்பாப் போச்சு.”

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. கடைவீதியில் ஷட்டர்கள் பாதிக்கு மேல் இன்னும் வளைந்து நெளிந்து கிடந்தன. வெள்ளம் வந்த புதிதில் அரிசி வந்தது, போர்வை வந்தது, பெரிய மனிதர்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதன்பின், இனி ஊர் தன் காலில் நிற்கவேண்டும் என்று ஒரு நிறுவனம் முடிவுகட்டி டீச்சரை அனுப்பி வைத்தது. அவள் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் வெகுகாலம் சூப்பர்வைசராக இருந்தவள். கம்பெனியை மூடிய பிறகு தம்பி வீட்டில் சும்மா உட்கார்ந்து, தம்பி மனைவியின் முகம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இந்த வேலை வந்தது. தங்குவதற்கு மருந்துக்கடை மாடியில் ஒரு அறை. சுவர் இன்னும் ஈரம் காயாமல், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு சில்லிட்டது. இருந்தாலும் அவள் மனதுக்குள் ஒரு துள்ளல் இருந்தது. இருபது குடும்பத்தில் அடுப்பு எரிய நாம் காரணமாக இருக்கப்போகிறோம் என்று நினைத்தபடிதான் அன்று தூங்கப் போனாள். மாஸ்டர் கேட்ட கேள்வி மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் சொன்னபடியே எண்ணெயோடு வந்தார். வேலை முடிந்து கையைத் துடைத்தபோது, கூட ஒரு அம்மாள் வந்து வாசலில் நிற்பதை டீச்சர் கவனித்தாள். உயரம், அகலம், குரல் எல்லாமே தாராளம்.

“என் சம்சாரம்,” என்றார் மாஸ்டர். “இவளைச் சேத்துக்குங்க. இவளுக்குத் தையல்ல ஒண்ணும் தெரியாது. நான் கேரண்டி.”

“இதைப் பெருமையா வேற சொல்லு,” என்றாள் அந்த அம்மாள். “டீச்சர், எனக்கும் ஊசிக்கும் ஏழாம் பொருத்தம். மார்க்கெட்ல காய் வித்தவ நான். ஒரு பட்டன் அந்து போனாலும் இந்த மனுஷன்தான் தைச்சுக் குடுப்பார். இப்ப மார்க்கெட்டும் இல்ல, மிஷினும் இல்ல. சேத்துக்கிட்டா உங்களுக்குப் புண்ணியம்.”

இடம் ஒன்று காலியாகத்தான் இருந்தது. பேர் கொடுத்திருந்த ஒருத்தி புருஷனோடு ஊரைவிட்டே போய்விட்டாள். டீச்சர் அந்த இடத்தில் இந்த அக்காவை உட்காரவைத்தாள். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. வந்தவர்களில் பலபேர் இளம் பெண்கள். ஒருத்தி பேன்ஸிக் கடையில் நின்றவள், ஒருத்தி பள்ளிக்கூட வாசலில் பலகாரம் விற்றவள், இன்னொருத்தி கல்யாணமாகி வந்த மறுமாதமே வீட்டை வெள்ளத்துக்குக் கொடுத்தவள். கை வேகமாகப் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் சம்சாரத்துக்கு மட்டும் வரவே மாட்டேன் என்றது. பெடலை மிதித்தால் மிஷின் பின்னால் ஓடியது. நேர்கோடு போடச் சொன்னால் தையல் குடித்தவன் வீடு திரும்பின மாதிரி போனது. “காய்கறின்னா கண்ணை மூடிக்கிட்டே எடை சொல்லுவேன் டீச்சர், இந்த நூல் இருக்கே, இது கண்ணைத் திறந்து வச்சிருந்தாலும் தெரிய மாட்டேங்குது,” என்பாள். கிடங்கே சிரிக்கும். ஜன்னலுக்கு வெளியே, ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவர்போல மாஸ்டர் நின்றுகொண்டிருப்பார். அவள் தையல் கோணும்போதெல்லாம் அவருக்குப் பல்வலி வந்தது மாதிரி முகம் சுருங்கும்.

“காலை மெதுவா வையேன்,” என்று ஒருநாள் வாய்விட்டார்.

“யோவ், நீ போய்யா! நீ நிக்கிறதுதான் எனக்குக் கோணுது,” என்று உள்ளேயிருந்து பதில் பறந்தது.

மற்ற பெண்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று டீச்சரே வெளியே போய் அவரிடம் சொல்லவேண்டியதாயிற்று. தலையாட்டிவிட்டு நடந்தார். செய்ய ஒன்றும் இல்லாத கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போன அந்த நடையைப் பார்த்தபோது, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சாயங்காலம் அவர் கடைப்பக்கம் போனாள். சேறு வழித்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைத்திருந்தார். அதில் உட்காரச் சொன்னார், அவர் நின்றார்.

“ஊர்க்காரங்க துணி ஒரு மூட்டை இருந்துச்சு டீச்சர், எங்கிட்ட தைக்கக் குடுத்தது. எல்லாம் போயிடுச்சு. இன்னிவரைக்கும் ஒருத்தர்கூட வந்து என் துணி எங்கன்னு கேக்கல. ஒருத்தராவது வந்து சண்டை போட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.”

அன்றைக்கே டீச்சர் ஆபீஸுக்குப் போன் போட்டாள். அங்கே அவளுக்கு மேலே இருந்த மேடம் நல்ல மனுஷிதான். குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். டீச்சர் இரண்டு விஷயம் கேட்டாள். டெய்லர் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கலாமா? பயிற்சி முடிந்த பிறகு இந்தப் பெண்களுக்குத் தைக்க வேலை எங்கிருந்து வரும்?

“தொழில் இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு திட்டம் வருதும்மா,” என்றார் மேடம்.

“எப்ப மேடம்?”

“வரும். இதையும் அதையும் நாம கலந்துட்டா ரெண்டும் கெட்டுடும். வேலையைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, தொழில் கையில இருந்தா வேலை தானா தேடி வரும்.”

டீச்சர் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே கடைவீதியைப் பார்த்தாள். துணிக்கடை திறக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களைவிட ஏறினவர்கள் அதிகம். இருபது மிஷினுக்கு இந்த ஊரில் எத்தனை உடம்பு இருக்கிறது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்ததும் விளக்கை அணைத்துவிட்டாள்.

பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. ஆளுக்கொரு குழந்தைச் சட்டை தைத்துக் காட்டவேண்டும்; காட்டினால்தான் மிஷின் சொந்தம். முந்தின நாளே வெட்டின துணியைக் கொடுத்தனுப்பினார்கள்; காலையில் சீக்கிரமே வந்து கிடங்கு மிஷினில் தைத்து முடிக்கவேண்டும். ஆபீஸிலிருந்து பார்வையிட வந்தவர்கள் மேஜையில் பரப்பியிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். மாஸ்டர் சம்சாரத்தின் சட்டை வந்ததும் வந்தவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இதைப் பாருங்க, இது வேலை!”

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். காலர் கத்தி மாதிரி நின்றது. உள்பக்கம் திருப்பினாள். மிஷினில் தைத்திருந்தால் அடியிலும் பாபின் நூல் அதே சீராக ஓடியிருக்கும். இதில் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருந்தது. முழுச் சட்டையும் கைத்தையல். மிஷின் தையல்போலத் தெரியவேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் எள் அளவுக்குப் பொடியாகப் போட்டிருந்தார் மாஸ்டர். டீச்சர் நிமிர்ந்தபோது அந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

“நல்லா வந்திருக்கு சார்,” என்றாள் டீச்சர். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

அந்தச் சட்டையை அக்கா கையில் பிடிக்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். இருபது மிஷினும் அன்றைக்கே இருபது வீட்டுக்குப் போயின.

டீச்சரை அடுத்த ஊருக்கு மாற்றினார்கள்; அங்கே இன்னொரு கிடங்கு, இன்னும் இருபது பேர். மழைக்காலம் ஒன்று போன பிறகு, பயன் பெற்றவர்கள் வேலை செய்வதைப் போட்டோ எடுத்து வரச்சொல்லி ஆபீஸ் அவளைத் திரும்ப அனுப்பியது. பஸ் மாறுகிற ஊரில் ஒரு துணிக்கடை கண்ணில் பட்டது. தம்பிக்கு ஒரு சட்டைத் துணி எடுத்தாள். தம்பியின் பழைய சட்டை ஒன்றை அளவுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பியபோதே, துணியை மாஸ்டரிடம் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். பெரிதாக வேறெதுவும் செய்ய முடியவில்லை, இதையாவது செய்வோம் என்ற நினைப்பு.

கடைவீதியில் நாலைந்து கடை கூடுதலாகத் திறந்திருந்தது. ஆனால் வாங்குகிறவர்களைக் காணோம். கடைக்காரர்கள் ஒருவர் கடையில் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் வீட்டிலேயே பலகாரக்காரி பிடித்துக்கொண்டாள். அவள் வாசலில் தையலகம் என்று அட்டையில் எழுதித் தொங்கியது. பக்கத்து வீட்டிலும் ஒரு அட்டை, எதிர்வீட்டிலும் ஒரு அட்டை.

“எப்படிம்மா போகுது?”

“போகுது டீச்சர். நான் இவளுக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுக்குறேன், அவ எனக்கு ஒண்ணு தைச்சுக் குடுக்குறா. புதுத்துணி ஏது? பழசைப் பிரிச்சுத் திருப்பித் தைக்கிறோம்.” சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவள் கண் டீச்சரின் கையிலிருந்த பொட்டலத்தில் நின்றது. “துணியா டீச்சர்?”

“ஆமா… தம்பிக்கு.”

“எங்கிட்ட குடுக்கலாமே. கூலிகூட வேண்டாம், கை மறந்துடக் கூடாதுன்னுதான்.”

டீச்சர் பொட்டலத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டரிடம் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டதாக ஏதோ முனகிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்காமலே பின்னால் பலகாரக்காரியின் காலடி கேட்டது. பேன்ஸிக் கடையில் நின்ற பெண் சேர்ந்துகொண்டாள். கல்யாணமாகி வந்த மறுமாதமே வீட்டை இழந்தவள் கழுத்தில் அளவு டேப்போடு, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். “டீச்சர் வந்திருக்காங்க” என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். எதற்கு வருகிறார்கள் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

மாஸ்டர் கடையில் மிஷின் பளபளவென்று இருந்தது. துடைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. டீச்சரைக் கண்டதும் எழுந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. அவளுக்குப் பின்னால் தெருவில் நின்றவர்களைப் பார்த்தார். மலர்ந்தது அப்படியே அடங்கியது.

“அவங்ககிட்டயே குடுத்துடுங்க டீச்சர். கைக்குழந்தை வச்சிருக்கா அந்தப் பொண்ணு.”

“வாயை மூடுய்யா,” என்று உள்ளேயிருந்து வந்த சம்சாரம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “நானும் அந்தக் கிளாஸ்ல பாஸ் பண்ணவதான். போட்டோகூட எடுத்தாங்க. டீச்சர் எனக்குக் குடுக்குறாங்க, உனக்கென்ன?” குரல் பழைய குரல்தான். ஆனால் பொட்டலத்தைப் பிடித்திருந்த பிடியில் விளையாட்டு இல்லை.

யாரும் போகவில்லை.  மாஸ்டர் சம்சாரத்தின் கையிலிருந்து பொட்டலத்தை மெல்ல எடுத்து, பிரித்து, பலகையில் துணியை விரித்தார். அளவுச் சட்டையை அதன்மேல் வைத்து நீவினார். சாக்பீஸால் கோடு போட்டார். கத்தரி ஓடிய சத்தம் தெருவரைக்கும் கேட்டது. முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, தோளுக்கு, காலருக்கு, பைக்கு. வெட்டி முடித்ததும் சட்டையின் இடது கைத் துண்டை எடுத்து, பலகைக்கு மேலாக நீட்டினார்.

“இந்தாம்மா. இதை நீ மடிச்சுத் தைச்சுக் கொண்டா.”

கைக்குழந்தைக்காரி வாங்கிக்கொண்டாள். வலது கை பேன்ஸிக் கடைப் பெண்ணுக்குப் போனது. காலர் பலகாரக்காரிக்கு. பை ஒருத்திக்கு, முதுகு ஒருத்திக்கு. ஒவ்வொருத்தியும் துண்டைச் சுருங்காமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.  சம்சாரம் மிஷினைத் துடைக்கிற துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ எடுக்கவேண்டும் என்பது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. போன் இருந்த பைக்குள் கையை விட்டாள். கை அங்கேயே இருந்துவிட்டது.

“நான், மாஸ்டர்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சேதி போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். தெருமுனையிலிருந்து இன்னும் மூன்று பேர் வேகமாக வந்துகொண்டிருந்தார்கள்.

பலகையில் இருந்தவை தீர்ந்துவிட்டன. மாஸ்டர் காலருக்கு அடியில் கொடுக்கிற துணி, பட்டன் பட்டி என்று தேடித் தேடி எடுத்துக் கொடுத்தார். பிறகு குனிந்து, தரையில் விழுந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பலகைமேல் வைத்து ஒவ்வொன்றாக நீவினார். விரல் அகலம்கூட இல்லாத துண்டுகள்.

“காஜா எடுக்கணும்ல மாஸ்டர்?” என்றாள் முன்னால் வந்து நின்றவள். “பட்டனுக்கு ஓட்டை போட்டு நான் எடுத்துத் தரேன். ஆறு காஜா வரும். எனக்கு ரெண்டு போதும்.”

சொல்லிவிட்டு உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து வைத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது.