முதலாளியின் கடைசிக் குழாய்

முதலாளி என்பது நாயின் பெயர். வீட்டில் சோபாவும் மின்விசிறியும் அதற்குத்தான். அதை வளர்த்த தபால்காரர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து தரையில் உட்கார்ந்து பழகிவிட்டார். விதையில் கட்டி என்று முந்தாநாள் அதற்கு அறுவை செய்து இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் சேகரித்த விந்து, முட்டை மஞ்சள் கலந்த கரைசலில், கால்நடை மருத்துவமனையின் குளிர்பெட்டியில் நாலு டிகிரியில் இருந்தது. ஒரே ஒரு குழாய். வெளியூரில் ஒரு பெண் நாய் இன்றைக்குப் பக்குவத்தில் இருந்தது. முதலாளிக்கு ஒரு குட்டியாவது வேண்டுமென்றால் இதை விட்டால் வேறு வழியில்லை.

அனுப்புவதற்கு முன் லேப் அக்கா ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை.

டாக்டரம்மாவும் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எல்லாம் செத்துப் போச்சு. வெளியே நிக்கிற தபால்காரர்கிட்ட நான் சொல்லிடறேன்."

"கொஞ்சம் இருங்க டாக்டர்."

அக்காவுக்கு ஏதோ இடித்தது. செத்ததை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். அவசரப்பட்டுக் குளிரவைத்தால் வால் சுருண்டு கிடக்கும். இதை அவள் டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரோடு சேர்த்து மெல்ல மெல்லக் குளிரவைத்திருந்தாள். வால்களும் நேராகத்தான் இருந்தன. அத்தனையும் பேசிவைத்துக்கொண்டா செத்திருக்கும்? உயிரோடு இருப்பவர்களிடமே அவ்வளவு ஒற்றுமை கிடையாது.

கண்ணாடித் தகட்டைச் சூடாக்கும் தட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. வயரைத் தேடிப் போனால், அது செருகியிருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் அவளே மாட்டியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஏசி அறையில், குளிர்ந்த தகட்டில், குளிர்ந்த சொட்டு. எவன் அசைவான்?

புதுச் சொட்டு வைத்த தகட்டை உள்ளங்கைச் சூட்டில் ஏந்திக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

தபால்காரர் வாசலில் தலையை நீட்டினார். "என்னம்மா, உயிர் போயிடுச்சா?"

"தெரியலைங்க ஐயா. எண்ணிட்டிருக்கேன், பேச வைக்காதீங்க."

எதை எண்ணுகிறாள் என்று தெரியாமலே அவரும் கூட எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது.

இருநூறில் அவள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். ஒரு வால் துடித்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கடைசி மணி அடித்த பள்ளிக்கூடம் மாதிரி கூட்டமே கிளம்பியது.

"வந்து பாருங்க ஐயா."

அவர் வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு அவசரமா எங்கம்மா போறாங்க?"

"வெளியூருக்குத்தான். கூரியர்காரர் வந்துட்டாரு, பெட்டியைக் கட்டட்டுமா?"

"கூரியரா? முப்பது வருஷம் ஊரான் வீட்டுச் சேதியைச் சுமந்தவன்மா நான். எங்க வீட்டுச் சேதியை இன்னொருத்தன் கையில குடுப்பனா?"

ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு படுத்திருந்த முதலாளியிடம் குனிந்து பெட்டியைக் காட்டினார். முதலாளி ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு, யார் வீட்டுச் சேதியோ என்று திரும்பிப் படுத்துக்கொண்டது.