தோளில் வைத்த கை

செத்துப்போன சிவராமனுக்கு நான் மீசை வரைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முடியாக இழுக்க வேண்டும். மவுஸை அழுத்திப் பிடித்து வேரிலிருந்து நுனிவரை ஒரு இழுப்பு, விட்டால் அடுத்தது. ஸ்மட்ஜ் என்று இந்த வேலைக்குப் பெயர். போட்டோவில் இருக்கிற நிறத்தையே ஈரச் சாயத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்த்துத் தேய்த்து, ஆயில் பெயிண்டிங் என்று நம்பும்படி ஆக்கிவிடுவது. முதலில் தோல். மரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் எடுத்தால் முகம் மெழுகு பூசியதுபோல வழவழவென்று வரும். ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்கு அந்த வழவழப்பைப் பார்க்கவே பிடிக்காது. சிவராமன் உயிரோடு இருந்தபோது இப்படியா இருந்திருப்பார்? யாருமே இப்படி இருக்க மாட்டார்கள்.

எங்கள் ஸ்டூடியோ பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மெட்ரோ வேலையின் தூசி மானிட்டர்மேல் படியும், மூடினால் புழுங்கும். கம்ப்யூட்டரில் ‘பாடி’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. உள்ளே முழுக்கத் தலையில்லாத உடம்புகள். கோட்டு சூட்டுப் போட்ட ஆண்கள், கழுத்து நிறைய நகையோடு பட்டுப்புடவை கட்டிய பெண்கள், உட்கார ராஜா நாற்காலி. வருகிறவர்கள் கொடுக்கும் போட்டோவில் தலையை மட்டும் வெட்டி இதில் ஒட்டுவோம். லாரி டிரைவருக்கும் அதே கோட்டு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கும் அதே கோட்டு. இந்தப் பக்கத்துச் சுவர்களில் ஒரே உடம்பு எத்தனை தலைகளோடு தொங்குகிறது என்று எனக்குத்தான் தெரியும். வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால்கூட அந்த வீட்டுச் சுவரைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

சிவராமன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸிலேயே காலத்தை ஓட்டிவிட்டு, ரிட்டயர் ஆகிக் கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். மகன் நிர்மல் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். பாரிவாக்கத்தில் புது ஃபிளாட் வாங்கியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஹாலில் மாட்ட அப்பாவும் அம்மாவும் சேர்ந்த மாதிரி பெரிய படம் வேண்டும் என்று வந்தான்.

“ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல சிஸ்டர். நீங்கதான் சேர்த்து வைக்கணும்” என்று சொல்லிச் சிரித்தான். அப்பாவுடையது பணி ஓய்வு விழாவில் மாலையோடு எடுத்தது. அம்மா புஷ்பாவுடையது ஏதோ பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும்போது யாரோ போனில் எடுத்தது. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை, யார் கூப்பிட்டது என்று பார்க்கிற முகம். “அம்மா கொஞ்சம் சிரிக்கிற மாதிரி பண்ணிடுங்க. அப்பா அவங்க தோள்மேல கை போட்ட மாதிரி. பாத்தா அந்நியோன்யமா இருக்கணும்.”

பண்ணினேன். சம்பளம் வாங்குகிறவள் பண்ணாமல் என்ன செய்வது? கோட்டு உடம்புக்குக் கை பாக்கெட்டுக்குள் இருந்ததால் வேறொரு கல்யாண மாப்பிள்ளையின் கையை மோதிரத்தோடு வெட்டி எடுத்து, கொஞ்சம் வயதாக்கி, புஷ்பாவின் தோளில் வைத்தேன். சிரிப்புக்கு ஒரு நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் வாய். அதைப் பொருத்தி ஓரங்களைத் தேய்த்தபோது அந்த அம்மாவின் கன்னம் எனக்குக் கீழ்ப்படிந்து மேலே ஏறியது. சீ என்று வந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நிர்மலிடமிருந்து வரிசையாக இதயங்கள் வந்தன.

மறுநாள் மத்தியானம், பாஸ்கரன் அண்ணன் சாப்பிடப் போயிருந்தபோது, ஒரு அம்மா மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். பாஸ்கரன்தான் எங்கள் ஓனர்.

“கார்த்திகான்றது யாரு?”

“நான்தாம்மா.”

“நீதான் என்னிய வரைஞ்சியா? மருமவ போன்ல காட்டிச்சு. சின்னதா இருந்திச்சு, சரியாத் தெரியல. பெருசாக் காட்டு.”

திறந்து காட்டினேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“யாரு இவ?”

“நீங்கதாம்மா.”

“நானா? இவ இன்னாத்துக்கு இளிச்சிக்கினு கீறா?”

உங்கள் பிள்ளை கேட்டான் என்று சொல்ல வாய் கூசியது.

“இளிச்சிட்டுப் போறா, அது கெடக்கட்டும்” என்றார். “அந்தக் கைய மட்டும் எடுத்துடு கண்ணு.”

குரல் இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “குவார்ட்டர்ஸ்ல எங்க ஊட்டுச் சத்தம் கேக்காத ஆளு கெடையாது. மொதல்ல கை இப்டித்தான் தோள்ல வரும். அப்புறம் முடியப் புடிக்கும். நிர்மலு கட்டுலுக்கு அடியில பூந்துக்குவான். நானா எட்டிப் பாத்து, போய்ட்டாரு வாடான்னு சொன்னாத்தான் வெளிய வருவான். இப்ப அத்தக் கொண்டாந்து ஹால்ல மாட்டுவானாம். அதுக்குக் கீழ குந்திக்கினு நான் சோறு துண்ணணுமாம்.”

இரண்டு நாளாக நகத்துக்கு மினுமினுப்புக் கொடுத்து, நரம்புக்கு நிழல் போட்டு நான் வளர்த்த கை அது. மவுஸைப் பிடிக்கவே அருவருப்பாக இருந்தது.

கையை எடுத்தேன். எடுத்த இடத்தில் தோளே இல்லை, வெறும் ஓட்டை. புடவை மடிப்பை மேலேயிருந்து இழுத்து, ஜாக்கெட் ஓரத்தைச் சேர்த்து, புதிதாக ஒரு தோள் வரைந்தேன். சிவராமனின் கையை அவர் பாக்கெட்டுக்கே திருப்பி அனுப்பினேன். இருவருக்கும் நடுவில் கொஞ்சம் இடமும் விட்டேன். கேட்காமலே விளம்பரக்காரியின் வாயையும் கழற்றிப் போட்டு, புஷ்பாவின் வாயை அவருக்கே கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“இப்பத்தான் மூச்சு வுடறா” என்றார். “திரும்ப மாத்திட மாட்டியே?”

“மாத்த மாட்டேம்மா.”

மாற்றிய படத்தை நிர்மலுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அவன் கூப்பிட்டான். “சிஸ்டர், கை எங்க?”

“அம்மா வந்து எடுக்கச் சொன்னாங்க சார்.”

“அவங்க அப்படித்தான். பழசையே பிடிச்சிட்டிருப்பாங்க. சொந்தக்காரங்க, ஆபீஸ்காரங்க எல்லாம் வர்றாங்க. ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நின்னா என்ன நினைப்பாங்க? முன்ன அனுப்பினதையே பிரிண்ட் போடுங்க.”

“கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவரு நீங்கதானே சார்?”

வாயில் வந்துவிட்டது. அவன் போனை வைத்துவிட்டான். அடுத்து பாஸ்கரன் அண்ணனின் போன் அடித்தது. அவர் ஆகட்டும் சார், ஆகட்டும் சார் என்று வெளி வராண்டாவரைக்கும் போய்ப் பேசிவிட்டு உள்ளே வந்தார்.

“ஆர்டர் குட்த்தது அவரு. அவங்க ஊட்டுப் பஞ்சாயத்து உனக்கு இன்னாத்துக்கு? இத்தயெல்லாம் இப்ப போன்ல ஆப்பே பண்ணிக் குட்த்துடுது. நம்மளாண்ட வர்றதே நாலு பேரு. அவங்களையும் தொரத்தி வுட்டுடு.”

“அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேண்ணா.”

“வாக்கு நீ குட்த்த. கட நான் வச்சினுகீறேன்.” பழைய ஃபைலை அவரே எடுத்து கேன்வாஸ் பிரிண்டுக்கு அனுப்பினார். நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று படத்தை ஆட்டோவில் படுக்க வைக்க முடியவில்லை. நிறுத்திப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அண்ணன் என்னையும் கூட்டிப்போனார். பாரிவாக்கம்வரைக்கும் சிவராமனின் முதுகுப் பக்கம் என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது. திரும்ப மாற்றியது நானில்லை என்று அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பால் காய்ச்சி முடித்திருந்தார்கள். ஹோமப் புகை இன்னும் ஹாலில் நின்றது. படத்தை மாட்டியதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். என்னமா இருக்கு, நேர்ல பாத்த மாதிரியே இருக்கு, அந்தச் சிரிப்பைப் பாரு என்றார்கள். நேரில் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்ததாகச் சொன்ன ஒருவர் எல்லாருக்கும் முன்னால் நின்று தலையை ஆட்டினார்.

புஷ்பா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆட்டோவில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை நான் சொல்லவில்லை.

நிர்மல் ரோஜா மாலையைப் பிரித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். அப்போதுதான் சிவராமனின் அக்கா சரசா கத்தினாள்.

“டேய் டேய்! உசுரோட கீறவ படத்துக்கு எவன்டா மாலை போடுவான்?”

நிர்மல் மாலையோடு கீழே இறங்கினான். எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை, இதே தொழிலில் இருக்கிற எனக்கும் அண்ணனுக்கும் தோன்றவில்லை. தோளில் கை வேண்டும் என்பதிலேயே எல்லாருக்கும் புத்தி போயிருந்தது. “அவரு பக்கம் மட்டும் மாட்டிக்கலாம் சார்” என்று அண்ணன் மாலையை மடித்து சிவராமன் பக்கத்து மூலையில் கோர்த்தார். கனம் தாங்காமல் அது வழுக்கி நடுவுக்கு வந்தது. திரும்பவும் நகர்த்தினார். திரும்பவும் வந்தது. பின்னால் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“எட்த்துடு, எட்த்துடு. அபசகுனம்” என்றாள் சரசா.

“கொண்டா இங்க” என்று புஷ்பா கரண்டியை நிர்மலின் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தார். மாலையை வாங்கி நன்றாக விரித்தார். ஸ்டூலில் ஏறி, இரண்டு மூலைக்கும் சமமாக, இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டார்.

“அடிப்பாவி, இன்னாடி பண்ற?”

“கெடக்கட்டும் அண்ணி. இவ யாருன்னே எனக்குத் தெரியாது. அந்த ஆளோட இவளும் போய்ச் சேந்துட்டா.”

ஜன்னல் திட்டில் சந்தனக் கிண்ணம் இருந்தது. கையை நீட்டிக் கேட்டார். யாரும் அசையவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கட்டைவிரலால் வழித்து எடுத்தார். சிவராமனை விட்டுவிட்டு, சிரிக்கிறவளின் நெற்றியில் வைத்து அழுத்தினார்.

“அம்மா” என்று நிர்மல் கீழேயிருந்து இரண்டு கையாலும் சட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கேன்வாஸுக்குப் பின்னால் பலகை கிடையாது, வெறும் துணிதான். விரல் போகப்போக நெற்றி உள்ளே குழிந்துகொண்டே போனது. அவர் விரலை எடுக்கவில்லை.