‘தள்ளாடினார்’ என்று எழுதிவிட்டார்கள்

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லிலிருந்து கிளம்பியது. ராயபுரம் ஜானட் என்னிடம் காட்டிய காகிதத்தில் அது இருந்தது: ‘ஆசீர்வாதம் பணியிடத்தில் தள்ளாடினார்.’

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: துறைமுகத்தின் மேல் சூரியன் மெல்ல...

வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலையில்லை.

2

ஜானட்டின் கணவர் ஆசீர்வாதம் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவர். புதன்கிழமை காலை ஏணியிலிருந்து இறங்கும்போது ஆடி, கீழே விழுந்ததில் கணுக்கால் பிசகியது. சூப்பர்வைசர் பரசுராமன் அறிக்கையில் அந்தச் சொல்லை எழுதினார். குடித்திருந்தார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள்.

(குடிப்பவர்தானா? ஞாயிறு மட்டும். ஜானட் இதை மறைக்கவில்லை.)

3

விசாரணைக்கு ஜானட்டும் போனாள். கத்தித் தீர்ப்பது என்ற முடிவோடுதான் போனாள். எதிரே விசாரணை அதிகாரி ஜெயஸ்ரீ, பக்கத்தில் பரசுராமன்.

“தள்ளாடுனாருன்னா இன்னா மேடம் அர்த்தம்?”

“குடிச்சிட்டு ஆடறது.”

“எங்க ஆன்சி பாப்பா இப்பதான் நடக்கக் கத்துக்கினு கீது. அதுகூடத்தான் தள்ளாடுது. அது இன்னா குடிச்சிது?”

ஜெயஸ்ரீ சிரிப்பை அடக்கிக்கொண்டு செல்போனில் அகராதியைத் தேடினார். நிலைகொள்ளாமல் அசைதல். ‘தள்ளு’ம் ‘ஆடு’ம் சேர்ந்து வந்த சொல்லாம்.

“குடி எங்க கீது அதுல? தள்ளுனா ஆடுவாங்க. யாரு தள்ளுனாங்க, அத்தக் கேளுங்க!”

[இங்கே ‘தள்ளாமை’, ‘தள்ளாத வயது’ பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். ஜானட் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது இலக்கணம் எதற்கு?]

ஆசீர்வாதம் முதல்முறையாக வாயைத் திறந்தார். “ஏணிதான் மேடம் ஆடிச்சு. அதுக்கு ஒரு கால் கட்டையா கீது. ஒரு மாசமா சொல்லிகினு கீறேன்.”

பரசுராமனுக்கு முகம் வியர்த்தது. “குடிச்சான்னு நான் எழுதல மேடம். நிக்க முடியாம ஆடினாரு. அதுக்கு வேற வார்த்த எனக்கு வரல.”

ஜானட்டுக்குக் கோபம் சட்டென்று வடிந்துபோனது. (எனக்கும்தான். வேறு வார்த்தை வராமல் நான் எத்தனை பேரைக் குடிகாரர்களாக்கினேனோ.)

4

வேலை திரும்பக் கிடைத்தது. “சரியா எழுதிக் குடுங்க” என்று அறிக்கையை ஜெயஸ்ரீ நீட்ட, பரசுராமன் ‘தள்ளாடினார்’ என்பதை அடித்தார். பேனா அங்கேயே நின்றது.

‘ஏணி ஆடியது’ என்று எழுதினால், ஏணிகளுக்குப் பொறுப்பான அவர் வேலை போகும். ‘கால் இடறியது’ என்று எழுதினால் யாருக்கும் வம்பில்லை. ஏணி அப்படியே இருக்கும்.

“எழுதுண்ணா” என்றாள் ஜானட். எதை என்று அவள் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

பேனாவை உங்களிடம் தருகிறேன். சீக்கிரம் எழுதிவிடுங்கள். யார்டில் அடுத்த ஷிஃப்ட் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.