என்ன மாற்றினீர்கள்?

செவ்வாய்க்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் தினகரன் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டான். சேமிக்கும்போது கையேட்டுத் தளம் வழக்கம்போலக் கேட்டது: 'என்ன மாற்றினீர்கள்?' கட்டத்துக்குள் 'எழுத்துப்பிழை' என்று அடித்தான்.

அது எழுத்துப்பிழை அல்ல. ஒரு கம்ப்யூட்டர் நிரல்மொழிக்குத் தமிழில் கையேடு எழுதுவது அவன் வேலை. மேற்குத் தாம்பரத்தில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் உட்கார்ந்து எழுதுகிறார்கள். 'சரம்', அதாவது ஸ்ட்ரிங், பற்றிய பக்கம் அவனுடையது. பெயர், ஊர், முகவரி என்று எழுத்தாக வரும் எதையும் அந்த மொழி சரமாகத்தான் வைத்துக்கொள்ளும். அதை வெட்ட, ஒட்ட, தேட, மாற்ற என்று நாற்பத்தேழு கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம், அதை ஓட்டிப் பார்த்துக் கிடைத்த விடை. முதல் பன்னிரண்டை ஓட்டிப் பார்த்தான். மிச்சத்துக்கு என்ன வரும் என்று பார்த்தாலே தெரிகிறதே என விடைகளைத் தானே எழுதிக்கொண்டு போனான். இன்னொருவர் சரிபார்த்து டிக் போட்டால்தான் புதுப் பக்கம் வெளியே போகும்; பிறகு செய்யும் திருத்தங்களுக்கு அது தேவையில்லை. டிக் போடப் பக்கத்து மேசை விக்கி இருந்தான்.

"மச்சான், என்னோடதுக்கு டிக் போட்டுட்டியா?"

"போட்டாச்சு. நீ என் பக்கத்துக்குப் போடு."

"படிச்சியா?"

"நீ எழுதினா கதை மாதிரி இருக்கும்டா. அதெல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பொறுமையா படிப்பேன்."

கதை மாதிரி எழுதியதுதான் வினை. 'மாற்று' கட்டளைக்கு வந்தபோது 'தாம்பரம் மேற்கு' என்ற சரத்தை எடுத்து, மேற்கைக் கிழக்காக்கினான். 'சுவருக்கு வண்ணம் அடிப்பதுபோல. பழைய நிறம் போய்ப் புதியது நிற்கும்' என்று எழுதினான். அந்த வரி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது; வீட்டில் தங்கையிடம்கூடப் படித்துக் காட்டினான். உண்மையில் அந்த மொழியில் சரம் ஒருமுறை உருவாகிவிட்டால் மாறவே மாறாது. மாற்றச் சொன்னால், மாற்றங்களோடு புதிதாக ஒரு நகல் வரும். பழையது பழையபடி கிடக்கும். எட்டு மாதம் கழித்து அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வேறு எதற்கோ அந்த உதாரணத்தை முதல் முறையாக ஓட்டினான். திரையில் 'தாம்பரம் மேற்கு' என்றே வந்தது. சுற்றிலும் பார்த்தான். விக்கி ஹெட்போனுக்குள் இருந்தான். யாரும் புகார் சொல்லவில்லை, யாரும் படித்தே இருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமை பெரும்பாக்கத்துக்குப் பேருந்து பிடித்தான். அங்குள்ள குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஹெப்சி அக்கா இலவச கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். மாதம் ஒருமுறை போய்ப் பிள்ளைகளின் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பான். செம்பாக்கம் தாண்டும்வரை மடியில் நாவல் திறந்தே இருந்தது. ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்திருந்தான்.

கூடத்தில் அக்காவோடு தீபா மட்டும் இருந்தாள். பி.காம் முடித்தவள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் கையேட்டைப் பக்கம் பக்கமாக நீள நோட்டில் எழுதி எடுத்துப்போய்ப் படிப்பாள்.

"இவகிட்ட பேசு தினா," என்றார் ஹெப்சி. "வியாழக்கிழமை இன்டர்வியூ போய்ட்டு வந்ததுலேர்ந்து மூஞ்சியே சரியில்ல. திங்கக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில்ல பேக்கிங் வேலைக்குப் போறாளாம். கிளாஸுக்கு முழுக்காம்."

"மண்டைல ஏறாதத எதுக்குக்கா புட்ச்சிகினு தொங்கறது?" என்றாள் தீபா. பிறகு அவனிடம், "அண்ணா, சொன்னா சிரிக்க மாட்டீங்களே? ஸ்ட்ரிங்கு மாறுமான்னு கேட்டாரு. மாறும் சார்னேன். ஷுரான்னாரு. நான் கெத்தா, தமிழ் பேஜ்லயே போட்டு கீது சார்னு சொல்ட்டேன். அவரு டக்குனு அந்தப் பேஜத் தொறந்து ஸ்க்ரீன என் பக்கம் திருப்புனாரு. அங்க இன்னா கீது? மாறாதுன்னு கீது. பக்கத்துல இருந்த மேடம் வாயப் பொத்திகினாங்க. பேஜாரா பூட்ச்சுண்ணா."

தினகரன் நோட்டை வாங்கினான். நீல மையில், உருண்டை எழுத்தில் அவனுடைய வரி இருந்தது. சுவர், வண்ணம், பழைய நிறம். ஒரு சொல்கூட மாறவில்லை.

"உங்க பேஜ்ல இந்த மாதிரி எங்கயுமே இல்லண்ணா. நானும் வந்து தேடித் தேடிப் பாத்துட்டேன். பெயின்ட்டு கியின்ட்டுன்னு நானா எப்டி எழுதினேன்னே தெர்ல."

"ஏதாவது ஆவி வந்து எழுதிட்டுப் போயிருக்கும்," என்றார் ஹெப்சி.

"சில சமயம்... பேஜ் அப்டேட் ஆகும்," என்றான் அவன்.

"ஆவட்டும்ணா. அதுக்குன்னு உள்டாவா ஆவுமா? யாரு பண்ணுவாங்க?"

"டீம்ல யாராவது..." விக்கியின் டிக் ஞாபகம் வந்தது. அவன் பேரைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தும் விட்டான். அந்த நினைப்பே அவனுக்குக் கூசியது.

தீபாவே சிரித்துக்கொண்டாள். "வுடுங்கண்ணா. நான்தான் தூக்கக் கலக்கத்துல எதையோ எழுதிகினு கீறேன்." நோட்டைத் திரும்ப வாங்கி, பையிலிருந்து ஸ்கேல் எடுத்து வைத்து, அவனுடைய வரியை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். ஓரத்தில் சின்னதாக 'என் தப்பு' என்று எழுதினாள். வகுப்பை விட்டுப் போகிறவள் எதற்கு இதைத் திருத்துகிறாள் என்று அவனால் கேட்க முடியவில்லை.

அவன் கம்ப்யூட்டர் பக்கம் நகர்ந்தான். சரம் பக்கத்தைத் திறந்தான். மேலே மூலையில் யாரும் அழுத்தாத ஒரு பொத்தான் உண்டு, பக்கத்தின் பழைய வடிவங்களைக் காட்டுவது. அழுத்தினான். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினான்.

திரை திரும்பியதும் தீபா நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்தாள், வியாழக்கிழமை இன்டர்வியூவிலும் அப்படித்தான் சாய்ந்திருப்பாள்.

"படி," என்றான்.

அவள் எப்போதும்போல விரலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தாள். சிவப்பில் கோடிட்டிருந்த பழைய வரி. சுவர், வண்ணம். விரல் அங்கே நின்றது. அதற்குக் கீழே பச்சையில் புதிய வரி. அதன் கீழே செவ்வாய்க்கிழமைத் தேதி. அதன் கீழே அவன் பெயர். மேலே மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது. ஹெப்சியும் எழுந்து வந்து பின்னால் நின்றார். தினகரன் திரையைப் பார்க்காமல் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தோரம் நீல மை படிந்திருந்தது. விரல் இன்னும் ஒரு வரி கீழே இறங்கி, 'என்ன மாற்றினீர்கள்?' என்ற கேள்வியைத் தாண்டி, அதற்கு எதிரே இருந்த 'எழுத்துப்பிழை' என்ற ஒற்றைச் சொல்லின் அடியில் போய் நின்றது.