பாதித் தலையும் முழு ஓய்வூதியமும்

1

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஓய்வூதியத் திட்டம் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கதை. ஒரு முகவர் வீட்டுக்கு வந்து வழவழப்பான கையேடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ‘கிடைக்கலாம்’ என்று வந்த இடத்திலெல்லாம் ஒரு நட்சத்திரக் குறி.* அட்டையில் இருந்த பெரியவர் ஏன் அப்படிச் சிரிக்கிறார்? என்னால் முடியாததை ஒரு பாத்திரத்தின் தலையில் கட்டிவிடலாம் என்று எழுத உட்கார்ந்தேன்.

(* இந்தக் கதையிலும் நட்சத்திரம் உண்டு. யாரையும் சும்மா நம்பிவிடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.)

2

முதல் தொடக்கம்: ‘அவள் கையெழுத்துப் போட்ட அன்று மழை...’ வேண்டாம். மழை வந்தாலே எழுதுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டாவது: அவள் முடி திருத்துபவள். தனி ஆள். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. மாலையானால் கால் வீங்கிவிடும். கை ஓய்ந்த பிறகு யார் வாசலிலும் போய் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் அவள் கவலை. திட்டத்தைக் கொண்டுவந்தவர் அத்தான், அவளுடைய அக்காவின் கணவர். சொந்தக்காரர் விற்றால் கேள்வி கேட்க முடியுமா? குடும்பமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

அதனால் அவரை அவளுடைய நாற்காலியில் உட்கார வைத்தேன். பிடரிகளைப் பிடித்துச் சாய்த்தே பழகிய கை அவளுடையது. வாய் பொய் சொன்னால் பிடரி விறைக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

3

பாதித் தலை முடிந்திருந்தது.

“நடுவுல கட்ட முடியாம போனா என்ன ஆகும், அத்தான்?”

“கட்டினது முழுசா வராது, கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க. அதை நான் மறைக்க மாட்டேன்.”

பிடரி இளகியே இருந்தது.

“உங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்?”

“கமிஷன்தான். பின்ன, சும்மாவா அலையுறேன்? கழுத்துல கத்தியை வெச்சுக்கிட்டு இப்படியெல்லாம் கேக்குறியே!”

அப்போதும் இளகியேதான். (முந்தைய பிரதியில் இங்கேயே விறைக்க வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். இவ்வளவு சுலபமாகத் திருடனைப் பிடித்துக் கொடுத்தால் நீங்கள் என்னைத்தான் சந்தேகப்படுவீர்கள்.)

அவளும் சிரித்துவிட்டாள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. எனக்கும்தான்.

போகிற போக்கில் கேட்டாள்: “அக்காவுக்கும் இதேதானே போட்டிருக்கீங்க?”

பிடரி விறைத்தது.

“போட்டிருக்கேனே” என்றார், கண்ணாடியைப் பார்க்காமல்.

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் திட்டமிடவில்லை.

4

அவள் கத்தரியை வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள், ஸ்பீக்கரில்.

“அக்கா, உனக்கு பென்ஷன் ஏதாவது இருக்கா?”

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்? அதான் உன் அத்தான் இருக்காரே!” அக்கா கலகலவென்று சிரித்தாள். “அங்கேதானே இருக்கார்? முடியைக் கொஞ்சம் குட்டையாவே வெட்டு.”

கடையில் யாரும் சிரிக்கவில்லை.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன். திட்டம் நல்ல திட்டம்தான் என்று அவள் கையெழுத்துப் போடுகிறாள். (அப்போ அக்கா?) இல்லை, தாளைக் கிழித்து அவர் மடியில் போடுகிறாள். (அப்போ இவளுக்கு யார்?) அதுவும் இல்லை, “இன்னொரு தாள் இருக்கா அத்தான், அக்கா பேருக்கு?” என்று கேட்கிறாள். அதற்கு அவர்...

தெரியவில்லை. ஊரெல்லாம் விற்றவர் சொந்த வீட்டில் மட்டும் ஏன் விற்கவில்லை? திட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லையா? அக்காவுக்கும் வயதாகும் என்பது தோன்றவே இல்லையா? இரண்டில் எது மோசம் என்று யோசித்து யோசித்து எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

கையேட்டை மூடிவிட்டேன். இனி கதை உங்களுடையது. கத்தரி மேசையில், துண்டு அவர் கழுத்தில், பாதித் தலை பாக்கி. “அவசர வேலை இருக்கு” என்று அவர் எழுந்திருக்கப் பார்க்கிறார்.

விடாதீர்கள்.